ஊரவர் யார் என்று நான் சொன்ன நாள்

கல்முனைச் சந்தைக்கு வெளியே, பழைய கைக்கடிகாரங்களையும் சார்ஜர் வயர்களையும் பரப்பி வைத்திருக்கும் நடைபாதைக் கடை ஒன்றில், சென்ற வாரம் சில களிம்புக் குழாய்களைக் கண்டேன். வெயிலுக்குப் பூசும் களிம்பு. எல்லாம் பாதி தீர்ந்தவை; அடிப்பக்கம் சுருட்டப்பட்டவை. கடைக்காரர் ஒன்றைத் திறந்து என் மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்து, "வெள்ளக்காரன் பூசுற சாமான், மணந்து பாருங்க" என்றார். மணந்து பார்த்தேன். தேங்காயெண்ணெயோடு ஏதோ ஒரு பூவையும் ஒரு மருந்துக் கடையையும் சேர்த்துக் காய்ச்சியது போன்ற மணம். வாங்க வந்த பூட்டை வாங்காமலே வீடு திரும்பினேன்.

மணத்துக்கு நினைவாற்றல் உண்டு என்பதை ஒரு காலத்தில் மேடையில் மூன்று உவமைகளோடு சொல்லியிருப்பேன், கைதட்டலும் வாங்கியிருப்பேன். இப்போது உவமை தேடக் களைப்பாக இருக்கிறது, நண்பரே. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். மேடைப் பழக்கம் இடையிடையே தலைகாட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நோய் என்னை இன்னும் முழுதாக விட்டுப் போகவில்லை.

கல்முனைக்குத் தெற்கே பிரதான வீதியில் பஸ்ஸால் இறங்கிக் கிழக்கே நடந்தால், எங்கள் ஒழுங்கை நேராகக் கடல் மணலில் போய் முடியும். அந்த மணலில் ஒரு நீளமான துண்டை ஒரு கப்பல் கம்பனி நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தது. சாமான் ஏற்றும் கப்பல் அல்ல. ஆட்களை ஏற்றிக்கொண்டு நாடு நாடாகச் சுற்றும் உல்லாசக் கப்பல். துறைமுகத்துக்குப் போகாமல் ஆழத்தில் நங்கூரம் போட்டு, சிறு படகுகளில் பயணிகளைக் கொண்டுவந்து இறக்கும். அவர்கள் காலையிலிருந்து பின்னேர அஸர் தொழுகை நேரம் வரை தமக்கென ஒதுக்கிய கரையில் வெயில் காய்ந்து, குளித்து, தின்று, மறுபடி ஏறிப் போய்விடுவார்கள். உலகின் வேறு கடல்களில் இப்படி முழுத் தீவுகளையே வைத்திருக்கிறார்களாம். எங்களிடம் தீவு இல்லை. ஆகவே வேலி போட்டார்கள்.

அந்த வேலியை முதலில் கேட்டதே நாங்கள்தான் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் முதலில் அஞ்சியது கண்ணுக்கு. குளிக்கும் உடுப்பில் பெண்கள் நிற்பார்களே, போத்தல் உடையுமே, ஜும்ஆவுக்குப் போகும் வழியில் எதையெல்லாம் பார்க்க நேருமோ என்று பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு மாதம் இதே பேச்சு. கம்பனி ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசவில்லை. இரண்டு ஆள் உயரத்துக்குக் கிடுகு வேலி அடித்துத் தந்தது. ஊர் பெருமூச்சு விட்டது. கேட்டதைக் கேட்டவுடன் தருபவன் எதை வாங்கிக்கொண்டு தருகிறான் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊரின் வாய் என்று பேர் எடுத்திருந்த எனக்கும்தான்.

அந்தப் பேர் சும்மா வந்ததல்ல. பாடசாலைக் காலத்தில் தமிழ்த் தினப் போட்டிகளில் விவாதத்துக்கு என்னை அனுப்பினால் கிண்ணத்துக்கு முன்கூட்டியே அலுமாரியில் இடம் ஒதுக்கிவிடுவார்கள். எங்கள் பயிற்சியில் முதல் விதி, பொருளை வரையறுத்துக்கொள் என்பது. யார் முதலில் வரையறுக்கிறாரோ அவரே களத்தைக் கீறுகிறார். எதிரி அந்தக் கோட்டுக்குள் நின்றுதான் ஆட வேண்டும். இந்த விதியால் நான் வென்ற மேடைகள் பல. கல்முனையில் ஒரு தனியார் வகுப்பில் தமிழ் படிப்பிக்கத் தொடங்கிய முதல் வருடமும், மாணவர்களுக்கு இலக்கணத்தை விட இதைத்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தேன். கர்வம் என்று சொன்னால் மறுக்க மாட்டேன். அந்த வயதில் அது ஒரு புதுச் சட்டையைப் போல என் மேனியில் பொருந்தியிருந்தது.

கதை இனி என் காக்காவிடம் போக வேண்டும். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரன். ஜவ்பர் காக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அவரும் அவரது மூன்று கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு கரைவலை வைத்திருந்தார்கள். தோணியில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக வலையை வளைத்துவிட்டு, இரு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இழுக்கும் தொழில். காக்கா வடக்குக் கயிற்றின் முதல் ஆள். அலைக்குள் இடுப்பளவில் நின்று, பின்னால் நிற்கும் பத்துப் பன்னிரண்டு பேருக்கும் எப்போது இழுப்பது, எப்போது தளர்த்துவது என்று குரல் கொடுப்பவர். கயிற்றால் உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும். பெருநாளைக்குக் கை கொடுத்து ஸலாம் சொன்னால் மரப்பலகையைப் பிடித்தது போல இருக்கும்.

ஆனால் காக்கா எங்கள் ஊரில் குடியிருக்கவில்லை. அயலூர்க்காரருக்கு இது விளங்காது, விளக்கிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மகள் பிறந்தால் வாப்பா அவளுக்கு வீடு கட்டக் கல்லரியத் தொடங்குவார். அவளுக்குக் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு அந்த வீட்டுக்கு வருவார். ஆண்பிள்ளைகள் வேறு வீடுகளுக்குப் போவார்கள். அதன்படி எங்கள் வீடு மூத்த சகோதரியான ராத்தாவுக்குப் போனது. உம்மா அதன் பின்னறையில் இருந்தார். காக்கா சம்மாந்துறைக்கு மாப்பிள்ளையாகப் போனார். நாலு பக்கமும் வயல். கடலின் இரைச்சல் கூடக் கேட்காத ஊர். அங்கே உறங்கி எழுந்து, ஸுபஹு தொழுதுவிட்டுச் சைக்கிளை மிதித்து எங்கள் கரைக்கு வந்து, வேலை முடித்து, வெயில் தாழத் திரும்பிப் போவார். பன்னிரண்டு வருடங்கள் அப்படித்தான். அவர் மட்டுமல்ல, கரையில் நின்றவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். எங்கள் ஊரில் பிறந்த ஆண்கள் இரவில் பல ஊர்களுக்குக் கலைந்து போய், பகலில் அந்த மணலில் ஒன்றுகூடுவார்கள். நீ எந்த ஊர் என்று மணலில் ஒருவரும் ஒருவரைக் கேட்டதில்லை.

மறுபக்கம், ராத்தாவின் மாப்பிள்ளை உதுமாலெவ்வை மச்சான். அவர் இறக்காமத்து ஆள். வயலில் பிறந்து குளத்தில் குளித்து வளர்ந்தவர். எங்கள் வீட்டுக்கு வந்து ஏழு வருடமாகியும் கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. ஏன் மச்சான் என்று ஒருமுறை கேட்டேன். அவர் சொன்ன மறுமொழி இன்றும் எனக்குப் பிடிக்கும்.

"குளத்துத் தண்ணி போட்ட இடத்துல கெடக்கும். இது என்னத்துக்கு ஆளத் தேடி வருது?"

நல்ல மனிதர். பயத்தைப் பயம் என்று சொல்லத் தெரிந்த ஆண்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

வேலி அடித்த பிறகு கம்பனி ஒரு கூட்டம் வைத்தது. கப்பல் வராத நாட்களில் ஊரவர் கரையைப் பழையபடி பாவிக்கலாம், வலை வளைக்கலாம். கப்பல் வரும் நாட்களில் வேலையும் சிறு கடைகளும் ஊரவருக்கே என்று அவர்களாகவே முன்வந்து சொன்னார்கள். தாராளமான பேச்சு. ஊருக்கு அதில் ஒரு பயம் இருந்தது. கம்பனியின் வாடை பட்டதும் எங்கெங்கோ இருந்தெல்லாம் பணக்காரர்கள் வந்து எங்கள் கரையோரக் காணிகளை வாங்கத் தொடங்கியிருந்தார்கள். நாளைக்கு அவர்களும் ஊரவர் என்று வந்து நின்றால் கடையும் வேலையும் அவர்கள் கைக்குத்தானே போகும்? ஆகவே ஊரின் சார்பில் பேச ஒரு ஆள் தேவைப்பட்டார். வேறு பெயர் ஒன்று யோசிக்கப்பட்டதாகவும் எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த கூட்டத்தன்று பாடசாலை மண்டபம் நிரம்பியிருந்தது. காக்கா தன் கூட்டாளிகளோடு கடைசி வரிசை வாங்கில் இருந்தார். கரையிலிருந்து நேரே வந்தவர்கள். கம்பனியின் சார்பில் வந்திருந்தவர் சுகந்தி மிஸ் என்ற மட்டக்களப்புப் பெண். என் வயதுதான் இருக்கும். சத்தம் போடாமல் பேசுபவர். கையில் ஒரு கொப்பி. நான் இருபது நிமிடம் பேசினேன். அதில் இன்று ஒரு வரியும் நினைவில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. பேசி முடித்ததும் சுகந்தி மிஸ் எழுந்து, எல்லாம் சரி, ஊரவர் என்றால் யார் என்று நாங்கள் எழுதிக்கொள்வது என்று கேட்டார். எனக்கு உள்ளம் குளிர்ந்தது. பரிசு வாங்க அழைக்கப்பட்டவன் போல ஒலிவாங்கியை மறுபடி பிடித்தேன்.

"எவர் இக்கரையை அடுத்த பிரிவில் தம் குடும்பத்தோடு நிலையாக வாழ்ந்து, அப்பிரிவின் வாக்காளர் இடாப்பில் தம் பெயரைக் கொண்டிருக்கிறாரோ, அவரே ஊரவர். காணி வாங்கியவர் காணிக்காரர் மட்டுமே."

மண்டபம் அதிர்ந்தது. கரையோரக் காணி வாங்கிய ஒருவர் முன்வரிசையிலிருந்து எழுந்து வெளியேறியதை என் கண்ணால் கண்டேன். சுகந்தி மிஸ் அந்த வாக்கியத்தை எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, இதுதானே என்று கேட்டார். இதுவே என்றேன். ஊர்ப் பெரியவர்கள் கையொப்பம் வைத்தார்கள். கைதட்டல் அடங்கிய பின்னும் கடைசி வாங்கிலிருந்து ஒருவர் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தார். பலகையோடு பலகை மோதும் அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். காக்கா.

அங்கிருந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் பிழை தெரியவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஆறுதலாக இல்லை. அயலூர்க்காரர் யாராவது இருந்திருந்தால் கேட்டிருப்பார்: அப்படியானால் இங்கே பிறந்து வேறு ஊரில் கல்யாணம் முடித்தவர்கள் என்ன செய்வது? எங்களுக்கு அந்தக் கேள்வி எழாது. மாப்பிள்ளையாகப் போனவன் போனவனே அல்ல என்பது எங்கள் இரத்தத்தில் ஊறிய எண்ணம். மூச்சு விடுவதை யாரும் சட்டத்தில் எழுதுவதில்லை. அப்படித்தான் அதை நான் எழுதாமல் விட்டேன்.

ஒரு மாதத்தில் அட்டைகள் வந்தன. படம் ஒட்டி, என் வாக்கியத்தைப் பின்பக்கம் மும்மொழியிலும் அச்சிட்டிருந்தார்கள். வாசலில் அதே வாக்கியம் பெரிய பலகையில். ஊரவரில் ஒருவருக்குக் காவல் வேலை கொடுத்தார்கள். அது உதுமாலெவ்வை மச்சானுக்குக் கிடைத்தது. கடற்கரையில் கடலைப் பார்க்காமல் நிற்கக்கூடிய ஒரே வேலை அதுதான் என்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

அட்டை நடைமுறைக்கு வந்த முதல் காலை நானும் வாசலுக்குப் போயிருந்தேன். உண்மையைச் சொன்னால், பலகையில் என் வசனத்தைப் பார்க்கத்தான் போனேன். காக்கா வழக்கம்போலச் சைக்கிளில் வந்து இறங்கினார். மச்சான் நீலச் சட்டையோடு குறுக்கே நின்றார்.

"காட் எங்க மச்சான்?"

"என்ட மொகந்தான் காட். தள்ளு."

"மொகத்த எனக்குத் தெரியும். இடாப்புல பேரு சம்மாந்துறையில கெடக்கு. அவங்க பாத்துட்டு நிக்காங்க மச்சான், என்ட வேல போயிரும்."

"நீ இந்தக் கடலக் காலால தொட்டிருக்கியா? என்னத்த மறிக்க வந்த?"

"தொட்டா என்ன, தொடாட்டி என்ன. நான் சட்டம் எழுதல்ல."

"அப்ப ஆரு எழுதின?"

மச்சான் நாடியால் என்னைக் காட்டினார்.

காக்கா திரும்பிப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். அவருக்கு வேகமாக வாசிக்க வராது. உதடு அசைய அசைய முழுவதையும் வாசித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"இதுக்குத்தானேடா நான் அண்டைக்குக் கை நோகத் தட்டின" என்றார்.

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். வலையின் நான்கு பங்காளிகளில் மூவர் அன்று அதே வாசலில் திரும்பினார்கள்.

சரி, வாக்கியத்தைச் செய்தவன் நான். திருத்துபவனும் நானே என்று அன்றே சுகந்தி மிஸ்ஸிடம் போனேன். ஒரு மணி நேரம் வாதாடினேன். போட்டிகளில் எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். இரண்டு பக்கமும் பேசிப் பழகியவன் நான். ஆனால் நானே கட்டிய பக்கத்தை எதிர்த்து ஒருநாளும் நின்றதில்லை. இங்கே பிறந்தவரையும் சேருங்கள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிறப்புப் பத்திரத்தில் ஆஸ்பத்திரி இருக்கும் ஊர்தானே இருக்கும் என்றார். "அரைவாசி மாவட்டம் கல்முனையிலதான் பிறந்திருக்கு. அவங்க எல்லாரும் வரலாமா?" பெற்றோர் இங்கே இருப்பவர்களைச் சேருங்கள் என்றேன். காணி வாங்கியவர் தன் வாப்பாவைக் கூட்டிவந்து குடிவைத்தால் என்ன செய்வது என்றார். இப்படி நான் திறந்த கதவு ஒவ்வொன்றையும், என் வாக்கியத்தையே சாவியாக வைத்து அவர் பூட்டினார். கடைசியில், "நீங்க இவ்வளவு நல்லாச் சொல்லாம விட்டிருந்தா ஏதாவது செய்திருக்கலாம்" என்றார். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிக நேர்மையான பாராட்டு அதுதான்.

ஒரே ஒரு வழி மிஞ்சியிருந்தது. காக்கா தன் பெயரைச் சம்மாந்துறை இடாப்பிலிருந்து எடுத்து, உம்மா இருக்கும் வீட்டு விலாசத்தில் பதிந்துகொள்ளலாம். கிராம சேவகரிடம் படிவம் வாங்கி, நானே நிரப்பி, கையொப்பம் மட்டும் மிச்சம் வைத்துச் சம்மாந்துறைக்குக் கொண்டு போனேன். மதினி தேத்தண்ணி தந்துவிட்டு, உள்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். காக்கா படிவத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் ஒரு ஆண் மனைவியின் வீட்டு விலாசத்திலிருந்து பெயரை வெட்டி உம்மாவின் வீட்டில் பதிவதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அவன் திருப்பி அனுப்பப்பட்டவன், அல்லது விட்டுவிட்டு வந்தவன். அது தெருவுக்குத் தெரிய ஒரு நாள் போதும். வளர்ந்துவரும் இரண்டு பெண்பிள்ளைகள் அந்த வீட்டில் இருந்தார்கள்.

மதினிதான் முதலில் வாய் திறந்தார்.

"போட்டுக் குடுங்க. பேருதான போகுது. ஆளு இஞ்சதான இருக்கப்போறீங்க."

காக்கா அவரைப் பார்க்காமலே சொன்னார்: "ஒனக்கு அது தெரியும், எனக்குத் தெரியும். நாளைக்கு ஒன்ட புள்ளையப் பொண் கேட்டு வாறவனுக்கு ஆரு சொல்ற?"

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். காக்கா படிவத்தை நாலாக மடித்து என்னிடமே தந்தார். கிழித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். வழியெல்லாம் அது சட்டைப் பையில் உறுத்திக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்ததைச் சிரித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும்; நாங்களும் அப்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். கப்பல் நாட்களில் கரைவலை இழுத்துக் காட்டினால் பயணிகள் விரும்புகிறார்கள் என்று கம்பனி கண்டுபிடித்தது. வலை இருந்தது, உள்ளே போகக்கூடிய வலைக்காரர் ஒருவர்தான் இருந்தார். ஆகவே அட்டை வைத்திருந்த மாப்பிள்ளைகளைத் திரட்டினார்கள். தையற்காரர் ஒருவர், கச்சேரி என்னும் அரசாங்க அலுவலகத்துக்கு வேலைக்குப் போகும் ஒருவர், கோழிக்கடைக்காரர் ஒருவர். காக்காவின் இடத்துக்கு, வடக்குக் கயிற்றின் முதல் ஆளாக, உதுமாலெவ்வை மச்சான். வெள்ளைச் சாரன், வெள்ளைப் பெனியன், தலையில் ஒரு துவாய். முழங்கால் தண்ணீரில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உதடு ஸலவாத்து ஓத, அவர் கயிற்றைப் பிடித்து நின்ற கோலத்தை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன். காக்கா வேலிக்கு வெளியே ஒரு பூவரச மரத்தடியில் நின்று, கிடுகு இடுக்கால் பார்த்துக்கொண்டு குரல் கொடுப்பார். இழு மச்சான், கால ஊண்டு, இப்ப உடு, கயிற்ற உடு. வேலிக்கு அந்தப்பக்கம் பயணிகளுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள். அந்த நாட்களில் காற்றுத் திரும்பினால் அந்தக் களிம்பு மணம் பூவரசடி வரை வரும். எங்கள் கரையின் மீன் வாடையை அது மூடிவிடும்.

சில வாரங்களில் கம்பனி ஒலிபெருக்கியில் பாட்டுப் போடத் தொடங்கியது. காக்காவின் குரல் அதற்குள் அமிழ்ந்து போனது. அவரும் கொஞ்ச நாள் எட்டிக் கத்திப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கம்பனி அச்சிட்ட வண்ணப் புத்தகம் ஒன்றை மச்சான் ஒருநாள் வீட்டுக்குக் கொண்டு வந்தார். நடுப்பக்கத்தில் அவர். கீழே, தலைமுறை தலைமுறையாகக் கடலோடு வாழும் மீனவர் என்று போட்டிருந்தது. ராத்தா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி கொட்டியது. மச்சான் சிரிக்கவில்லை. வெட்கப்பட்டார். காக்காவுக்குக் காட்ட வேண்டாம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். காக்கா எப்படியோ பார்த்துவிட்டார். படத்தைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, வெகுநேரம் ஆராய்ந்தார்.

"கையப் பாரு. மாடு கட்டுற பிடி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பாவம், பயந்த மனிசன். தண்ணிக்க அவர நிப்பாட்டாதீங்க" என்றார்.

அதுதான் அவர் அந்தக் கரையைப் பற்றிப் பேசிய கடைசிப் பேச்சு. வலை தெற்கே வேறொரு கரைக்காரருக்குப் போனது. அவர்களிடம் தமது ஆட்கள் இருந்தார்கள், காக்காவுக்கு இடமில்லை. அவர் சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலையில் மூட்டை தூக்கத் தொடங்கினார். இப்போதும் அங்கேதான்.

இரண்டு பருவம் வந்த கப்பல் மூன்றாவது பருவம் வரவில்லை. பாதை மாறிவிட்டது என்றார்கள். எங்கள் கடலில் படகு இறக்கச் சிரமம் என்றார்கள். நல்ல காரணங்கள் எல்லாம் சொன்னார்கள். குத்தகை மட்டும் இருக்கிறது. கிடுகு உக்கி விழுந்த இடங்களில் தகரம் அடித்திருக்கிறார்கள். பலகை இருக்கிறது. மச்சானும் வாசலில் இருக்கிறார், யாருமில்லாத கரைக்குக் காவலாக. வெள்ளிக்கிழமைகளில் ஊரவர் குடும்பமாக உள்ளே போய் உலாவுகிறார்கள். தையற்காரரும் கோழிக்கடைக்காரரும் வேலி ஓரமாக நின்று, பிள்ளைகளைத் தண்ணீருக்குக் கிட்டப் போகாதே என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நீந்தத் தெரிந்தவர் யாரும் அந்தக் கரையில் இல்லை.

எனக்குச் சென்ற வருடம் நிந்தவூரில் கல்யாணம் ஆனது. இடாப்பில் பெயர் மாறியதும் ஒரு நாள் நானே வாசலுக்குப் போய் அட்டையை மச்சானிடம் நீட்டினேன். அவர் வாங்க மறுத்தார். ஒருவரும் பார்க்கவில்லை, வைத்துக்கொள் என்றார். நான் சொன்ன சொல்லை நானே மீறுவது எப்படி என்று கேட்டு, அட்டையை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். நேர்மை என்றுதான் அன்று நினைத்தேன். அதிலும் கொஞ்சம் மேடை இருந்ததோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. பார்ப்பதற்கு அங்கே மச்சானைத் தவிர ஒருவரும் இருக்கவில்லை.

காக்காவும் நானும் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை உம்மாவைப் பார்க்கப் போகிறோம். அவர் சம்மாந்துறையிலிருந்து வருவார், நான் நிந்தவூரிலிருந்து. முன்வாசலால் போவோம். கையில் திராட்சையோ பிஸ்கட்டோ இருக்கும். ராத்தா நாற்காலியின் உறையை எடுத்துவிட்டு இருக்கச் சொல்வார். விருந்தாளிக்குரிய கோப்பையில் தேத்தண்ணி வரும். ஆலை எப்படி, வகுப்பு எப்படி என்று மச்சான் கேட்பார். ஒரு மணி நேரத்தில் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாது.

முன்பு நாங்கள் பின்வாசலால்தான் வருவோம். வலை ஏறியதும் காக்கா, சனிக்கிழமைகளில் அவரோடு நானும், ஈரச் சாரனோடு நேரே குசினிக்குள் புகுந்துவிடுவோம். மதினி சம்மாந்துறையில் சமைத்து வைத்திருப்பார். அதற்கு முன்னால் உம்மாவின் கையால் ஒரு வாய். குசினியில் மணல், பாயில் மணல், சோற்றுக் கோப்பையின் அடியில் மணல். ஒரு நாளைக்கு மூன்று தரம் கூட்டுகிறேன், உங்களைப் பெற்றதற்கு நான் கடலையே பெற்றிருக்கலாம் என்று உம்மா ஏசிக்கொண்டே கூட்டுவார். அந்த ஏச்சு கேட்காவிட்டால் சோறு இறங்காது. மாப்பிள்ளையாகப் போய்விட்ட மகன் இன்னும் போகவில்லை என்பதற்கு அந்த வீட்டில் இருந்த சாட்சி அந்த மணல்தான் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை நாங்கள் எழுந்து ஸலாம் சொல்லி, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தோம். உம்மா வழமைபோலக் கூட்டத் தும்புத்தடியைக் கையில் எடுத்தார். நாங்கள் இருந்த இடத்துக்கு வந்தார். குனிந்து தரையைப் பார்த்தார். கூட்டுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

காக்கா மற்றப் பக்கம் திரும்பிச் சைக்கிளின் காற்றை அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.